அறுபத்தொன்றாம் ஒட்டு

பனி இளகும் மாதத்தில்
பெலாரஸில் உருகியதையெல்லாம்
எங்கள் ருஸ்னே சாலைமேல் கொண்டுவந்து கொட்டும்
நேமுனாஸ் ஆறு.
யாரையும் கேட்பதில்லை. நாங்களும் திட்டுவதில்லை.
கடைமடையில் குடியிருப்பவர்
மழை எங்கே பெய்தது என்று விசாரிப்பதில்லை.

என் வேலையும் கடைமடைதான்.
மேலே, முகம் தெரியாத ஆயிரம் பேர்
ஓர் உலாவி எந்திரத்தை
அல்லும் பகலும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறார்கள்.
நான்கு வாரத்துக்கு ஒருமுறை மதகு திறக்கும்.
வந்ததைப் பிடித்துச் சின்னப் பெட்டிக்குள் அடக்கி,
முகவரிப் பட்டையைப் பிடுங்கி,
படகுத்துறைச் சீட்டுப் பெட்டிக்கும்
ஷிலுதே மருத்துவமனையின் வரிசை எண் திரைக்கும்
பால் கறக்கும் கொட்டகைகளுக்கும் அனுப்புகிறவள் நான்.
உள்ளே உலாவி இருப்பது ஒருவருக்கும் தெரியாது.
தெரிந்துவிட்டால்
அன்று ஏதோ உடைந்திருக்கிறது.

மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு ஒட்டுகள்.
மேலே சட்டையை மாற்றும்போதெல்லாம்
பழைய ஒட்டுகளைப் பிரித்துப்
புதுச் சட்டையில் அதே இடத்தில் தைக்க வேண்டும்.
அதே இடம் இருந்தால்.
போன மார்ச்சில் கைப்பகுதியே இல்லை.
சாளரம் என்றிருந்ததற்குப் பரப்பு என்று பெயர்.
ஒரு கோப்பு மூன்றாகி
ஒன்று வேறோர் அடைவில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தது.
குறிப்பில் ஒரே வரி:
சுத்தம் செய்தோம், நடத்தையில் மாற்றமில்லை.

நடத்தையில் மாற்றமில்லை!
எட்டு இரவு. முந்நூற்றுப் பதினோரு பிழை.
கம்பைலர் ஓடும் நேரத்தில்
பீட்ரூட் சூப் கொதித்து, ஆறி, ஆடை படிந்தது.

அறுபத்தொன்றாம் ஒட்டில் மூன்றே வரி.
தலையில் ஒரு குறிப்பு: எடுக்காதே. வி.
ஏன் என்று இல்லை.
விட்மன்டாஸ் இப்போது டப்ளினில்
ஏதோ வங்கிக்கு எழுதுகிறான். கேட்டேன்.
நினைவில்லை கின்ட்வில்லே,
ஒரு மாடு சம்பந்தப்பட்டது என்றான்.
சிரித்துவிட்டு எடுத்தேன்.
சோதனைகள் அத்தனையும் பச்சை.

மூன்றாம் நாள், விடியாத ஐந்து மணி,
ஸ்வெக்ஷ்னாவிலிருந்து யட்விகா என்றொரு பெண்:
உன் திரை என் கையைப் பார்க்கமாட்டேன் என்கிறது.
எண்பத்து நாலு மாடு நிற்கிறது.

ஈர ரப்பர் கையுறை.
ஒரு விரலும் மூன்று நீர்த்துளியும்.
எந்திரம் அதை நான்கு விரல் என்று எண்ணிப்
படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனது,
'தொடங்கு' என்ற பொத்தான்
திரைக்கு வெளியே போய் விழும்வரை.
மேலே இருப்பவர்கள்
எல்லோரும் உலர்ந்த கைக்காரர்கள்.

நாற்பது நிமிடம் ஆகும் என்றேன்.
மாட்டிடம் நீயே சொல் என்று
ஃபோனைக் கொட்டகைப் பக்கம் திருப்பினாள்.
மடி கனத்த எண்பத்து நாலு குரல்
என் சமையலறையில் நின்று கத்தியது.
மூன்று வரியைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
ஒலியைக் குறைக்கவில்லை.
குறைப்பது நியாயமாகப் படவில்லை.

எடுக்காதே என்பதன் கீழே எழுதினேன்:
ஸ்வெக்ஷ்னா. ஈரக் கையுறை. மாடு உண்மை.

பிறகு அந்த மூன்று வரியை மேலேயே அனுப்பினேன்,
ஆயிரம் பேரிடமும்.
ஐந்து வாரம் கழித்துப் பதில்:
எங்களால் இங்கே இதை உண்டாக்க முடியவில்லை.
பாத்திரம் கழுவும் நீரில் கையை நனைத்துத்
திரையைத் தொட்டுப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறேன்.
இன்னும் திறந்தே கிடக்கிறது.

வியாழன் மதகு திறக்கும் நாள்.
ஒட்டுகளைப் பிரித்து வைத்துவிட்டு
ரொட்டி வாங்கப் போனேன்.
பாலத்தடியில் ஒருத்தி ஸ்டின்டா மீன் விற்கிறாள்,
உறைபனிக்கு அடியில் ஆற்றை எதிர்த்து
முட்டையோடு மேலேறுகிற விரல் நீளக் குட்டி மீன்.
எல்லாமா போய்ச் சேரும் என்று கேட்டேன்.
பாதி என் கூடையில் இருக்கிறதே என்றாள்.
வீடு வரைக்கும்
கையில் வெள்ளரிக்காய் வாசம்.